சொல்லச் சொன்ன பொய்

“அக்கா, அந்தச் சாப்பாட்டுக் கடையில கொஞ்சம் நேரமாகும். நாம சொன்ன பிறகுதான் வெங்காயத்தையே உரிப்பாங்க. பொறுமையா இருக்கணும்” என்றான் தம்பி, சட்டையை மாட்டிக்கொண்டே.

“யாருக்குடா பொறுமை சொல்றே? எண்பது பொம்பளப் பிள்ளைங்களுக்கு இருபது நிமிஷத்துல பந்தி முடிச்சவ நான்.”

“அது உங்க ஹாஸ்டல். அங்க நீங்க வார்டன். இங்க நீங்க விருந்தாளி.”

“விருந்தாளியைத்தான் அஞ்சு பிள்ளைங்களோட தெருவுக்குத் துரத்துறியாக்கும்?”

சிரித்தான். அவனுக்கும் வேறு வழியில்லை. சமையலறைச் சுவருக்குள் குழாய் வெடித்துவிட்டது. குழாய்க்காரர் காலையிலேயே வந்து சுவரைப் பாதி இடித்துப் போட்டிருந்தார். சாயங்காலம் வரை எங்கள் வீட்டிலும் தண்ணீர் இல்லை, கீழ்வீட்டிலும் இல்லை. கீழ்வீட்டுக்காரர்களும் நம் பாஷைக்காரர்கள்தான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை. என் தம்பி வீட்டிலும் அதே கதை. பள்ளி விடுமுறை. ஆக, இரண்டு வீட்டிலும் கை ஓய்ந்திருந்த ஒரே பெரிய ஆள், ஓய்வு பெற்ற கையோடு மூன்று மாதம் தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று விமானம் ஏறி வந்த நான்.

“பெரியவ கூட இருக்கா இல்ல, அவ எல்லாம் பேசிக்குவா” என்று சொல்லிவிட்டுத் தம்பி போனான்.

பெரியவள் என்பது அவன் மகள். பதினொரு வயது. எனக்கு அந்த ஊரில் வாயும் காதும் அவள்தான். காய்கறிக் கடையில், மருந்துக் கடையில், லிப்டில் யாராவது சிரித்து ஏதாவது கேட்டால், நான் திரும்பி அவளைப் பார்ப்பேன். அவள் அவர்களுக்கு ஒன்று சொல்வாள், எனக்கு ஒன்று சொல்வாள். இரண்டும் ஒன்றுதானா என்று நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அடுத்தவன் குட்டி, நாலு வயது, இன்னும் பள்ளிக்கூடம் போகாததால் வீட்டுப் பேச்சு மட்டும்தான் தெரியும். கீழ்வீட்டுக் கணக்கு மூன்று: ஏழு வயது இரட்டைப் பெண்கள், அவர்களுக்கு மேலே ஒன்பது வயதில் ஓர் அண்ணன். அவனுக்கு நான் வைத்த பெயர் கேள்வி. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

“அத்தை, குழாய் ஏன் சுவத்துக்குள்ள இருக்கு?”

“வெளியில இருந்தா நீ அதுல தொங்குவே. நட.”

கடை தெரு முனையில் இருந்தது. ஆறு மேசை. ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே சமையலுக்கு ஒரு அம்மா, வெளியே பரிமாற அவர் வீட்டுக்காரர். அவ்வளவுதான் பட்டாளம். வீட்டுக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார். ஒவ்வொரு மேசையிலும் கேட்டுச் சின்னச் சீட்டில் எழுதி, சமையலறை ஜன்னலுக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் துணி கிளிப் போட்டு மாட்டினார். உள்ளிருந்து ஒரு கை வந்து முதல் சீட்டை எடுக்கும். அந்தச் சீட்டு முடிந்து தட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தக் கை அடுத்த சீட்டுக்கு நீளும். நடுவில் பிரளயமே வந்தாலும் நீளாது.

எங்கள் சீட்டு ஐந்தாவது.

“ஒரே நேரத்துல நாலு அடுப்பு பத்த வெச்சா என்னவாம்?” என்றேன்.

“அவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க அத்தை. ஒவ்வொருத்தருக்கா பாத்துப் பாத்துச் செய்வாங்க. அதுக்குத்தான் இந்தக் கடைக்கே வராங்க” என்றாள் பெரியவள்.

“பாத்துப் பாத்துச் செய்யறதுக்குள்ள நம்மளைப் பாக்க ஆள் இருக்காது.”

இரட்டைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், முதல் இருபது நிமிடம்.

பிறகு உப்பு டப்பா கொட்டியது. அதைத் துடைப்பதற்குள் குட்டி மேசைக்கு அடியில் போய், பக்கத்து மேசைப் பெரியவரின் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டான். இரட்டைகளில் ஒருத்திக்கு ஒண்ணுக்கு வந்தது. கூட்டிப்போய்த் திரும்பினால் மற்றவளுக்கு வந்தது.

“ரெண்டு பேருக்கும் சேர்ந்து வரக்கூடாதாடி?”

“நாங்க ரெண்டு பேரு அத்தை. ஒரே ஆளு இல்ல.”

நாற்பது நிமிடம். கயிற்றில் இன்னும் இரண்டு சீட்டு எங்களுக்கு முன்னால். மற்ற மேசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. ஆனால் எனக்கு அந்தப் பார்வை ஒவ்வொன்றும், ‘இந்த அம்மாவுக்கு அஞ்சு பிள்ளைகளை உக்கார வைக்கத் தெரியலை’ என்றுதான் கேட்டது. முப்பத்திரண்டு வருடம் என் பார்வைக்கு எண்பது பேர் அடங்கினார்கள். இங்கே நாலு வயதுப் பயல் ரொட்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்காலி மேல் நிற்கிறான்.

“போய்க் கேளு, இன்னும் எவ்வளவு நேரம்னு.”

“அப்படிக் கேட்டா நல்லா இருக்காது அத்தை.”

“பிள்ளைங்க பசியில கத்துது. அது மட்டும் நல்லா இருக்கா? கேளு.”

கேட்டாள். வீட்டுக்காரர் கயிற்றைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டி, மரியாதையாகச் சிரித்தார்.

“இன்னும் ரெண்டு பேருக்கு அப்புறமாம்.”

“எங்களோட சின்னப் பிள்ளைங்க இருக்குன்னு சொன்னியா?”

“அவருக்குக் கண்ணு தெரியும் அத்தை.”

இந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. அப்போது குட்டி நாற்காலியிலிருந்து இறங்கி, “பசிக்குது, பசிக்குது” என்று தரையில் மல்லாந்து படுத்து உருள ஆரம்பித்தான். கடை முழுவதும் திரும்பியது. என் காது மடல் சுட்டது. அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, பெரியவளை அருகே இழுத்தேன்.

“இவனுக்குச் சக்கரை வியாதின்னு போய்ச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா மயங்கி விழுந்துடுவான்னு சொல்லு.”

அவள் என்னையே பார்த்தாள். “குட்டிக்கு அது இல்லையே அத்தை.”

“எனக்குத் தெரியாதா?”

“அப்போ பொய்யா?”

“பொய் இல்லடி. சமாளிப்பு. யாருக்கு நட்டம் இதுல? ஒரு சீட்டு முன்ன பின்ன போகும், அவ்வளவுதானே?”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“எனக்குப் பேசத் தெரிஞ்சா உன்னை ஏன் கெஞ்சுறேன்? எந்திரி. சொன்னதைச் செய்.”

கடைசி இரண்டு வார்த்தையை விடுதிக் குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு எழுந்து போகாத பெண் கிடையாது. அவளும் எழுந்து போனாள்.

அந்த வீட்டுக்காரரின் முகம் மாறியதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பென்சில் காதிலிருந்து விழுந்தது. அவர் அதை எடுக்காமல் சமையலறைக்கு ஓடினார். ஓடும்போதே ஏதோ சத்தமாகச் சொன்னார். பக்கத்து மேசைப் பெரியவருக்கு, யார் செருப்பு வாரைக் குட்டி அவிழ்த்தானோ அவருக்கு, அப்போதுதான் தட்டு வந்திருந்தது. கரண்டியை எடுத்துவிட்டிருந்தார். அதைக் கீழே வைத்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து குட்டிக்கு முன்னால் வைத்து, ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று கையைக் காட்டினார். எனக்கு முன்பாகவே உட்கார்ந்து, எனக்கு முன்பாகவே காத்திருந்த மனிதர்.

“வேணாம்னு சொல்லு, வேணாம்னு சொல்லு” என்றேன் பெரியவளிடம்.

“சொன்னேன் அத்தை. கேக்க மாட்டேங்கிறார்.”

அதற்குள் சமையல்கார அம்மா வந்துவிட்டார். நான் கற்பனை செய்திருந்ததைவிட வயதானவர், என்னைவிட ஒன்றிரண்டு கூடத்தான் இருக்கும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குட்டிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டார். கையில் ஒரு கறுப்புப் பை. அதைத் திறந்தார். சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின்.

பெரியவளின் குரல் இறங்கிப்போயிருந்தது. “அவங்களுக்கும் அதே வியாதி இருக்காம். இது அவங்களோட மெஷினாம். புது ஊசிதான் போடுவாங்களாம். குத்திப் பாக்கட்டுமான்னு கேக்கிறாங்க.”

இந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். பாஷையே தேவையில்லை. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் மாட்டிக்கொள்வோம். ஒரு கண நேரத்தில் இவ்வளவையும் கணக்குப் போட்டு முடித்த என் மூளை, அந்தக் கணக்கில் குட்டியின் விரலை மட்டும் சேர்க்கவே இல்லை.

“சரின்னு சொல்லு” என்றேன்.

“அத்தை...”

“சரின்னு சொல்லுடி.”

குட்டியின் கையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். “ஒண்ணுமில்லடா, எறும்பு கடிக்கிற மாதிரி” என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை நீட்டினான். குத்தியதும் ஒரு நொடி வாயைத் திறந்து மூச்சை அடக்கி, பிறகு கடை அதிர அலறினான். ஒரு சொட்டு ரத்தம். அந்த அம்மா மெஷினில் எண்ணைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. மறுபடி பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

“நல்லாத்தான் இருக்காம். பயப்படாதீங்கன்னு சொல்றாங்க” என்றாள் பெரியவள்.

நான் பயப்படவே இல்லை என்று நினைத்துவிடப் போகிறாரே என்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தேன்.

அதோடு விட்டாரா? விரலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார். ஒவ்வொன்றாகப் பெரியவள் என் பக்கம் திருப்பினாள்.

“எப்போ இருந்து இருக்குன்னு கேக்கிறாங்க.”

“போன வருஷம்னு சொல்லு.”

“ஊசி போடுறீங்களா, மாத்திரையான்னு கேக்கிறாங்க.”

“ஊசி.”

“யாரு போடுறாங்கன்னு...”

“உங்க அம்மான்னு சொல்லு.”

மூன்றாவது பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாய் கோணியது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அந்த அம்மா அதைப் பார்த்தார். தம்பியை நினைத்து அழுகிறாள் பாவம் என்று நினைத்து, அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைத் தடவினார். பெரியவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். அவர் தோளுக்கு மேலே அவள் கண் என்னைப் பார்த்தது. நான் ரொட்டிக் கூடையைச் சரி செய்தேன்.

எங்கள் சீட்டு கயிற்றிலிருந்து அப்போதே இறங்கியது. பத்தே நிமிடத்தில் ஆறு தட்டும் வந்துவிட்டன. நான் நினைத்தது நடந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு மேசைக்காரர்களும் தலையசைத்து, சாப்பிடுங்கள் என்று கண்ணாலேயே சொன்னார்கள். நான் பதிலுக்குச் சிரித்தேன். பல் தெரியத்தான் சிரித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அத்தை” என்றான் கேள்வி, வாய் நிறைய வைத்துக்கொண்டு. “நாம சும்மா இருந்தோமே, அதுவும் பொய் சொன்ன மாதிரிதானா?”

“சாப்பிடும்போது பேசாதே.”

“நாங்க எதுவுமே சொல்லல அத்தை” என்றார்கள் இரட்டைகள், ஒரே நேரத்தில்.

குட்டி கிளறிவிட்ட பெரியவர் தட்டை எடுத்துவிட்டு, அவனுக்கு மட்டும் தனித் தட்டு வைத்தார்கள். உப்பும் எண்ணெயும் குறைத்து வேகவைத்த காய், ஒரு முட்டை. மற்ற நாலு பிள்ளைகளுக்கும் கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் பால் இனிப்பு வந்தது, நாங்கள் கேட்காமலே. குட்டி தன் கிண்ணத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

“எனக்கு?”

“உனக்கு இல்லடா கண்ணு. அத்தை அப்புறம் வாங்கித் தரேன்.”

“எனக்கு ஏன் இல்ல? நான்தானே ஊசி போட்டுக்கிட்டேன்!”

பெரியவள் தன் கிண்ணத்தைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். வீட்டுக்காரர் பதறி ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டார். குட்டியின் அழுகை மறுபடி தொடங்கியது. அப்போதுதான் கவனித்தேன், பெரியவள் தட்டில் எதுவும் குறையவில்லை.

“சாப்பிடு.”

“பசிக்கல.”

“நல்ல நேரத்துல பசிக்கலையாக்கும்.”

நாங்கள் கிளம்பப் போகிற நேரத்துக்குச் சமையல்கார அம்மா மறுபடி வந்தார். கையில் ஒரு காகிதம், இரண்டு பக்கமும் எழுதியிருந்தார். அடுப்பில் ஒரு சட்டி கொதிக்க, கயிற்றில் சீட்டுகள் தொங்க, அவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஒரு மேசைக்காகவும் அவசரப்படாத அம்மா.

பெரியவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “குட்டி என்னென்ன சாப்பிடலாம், என்னென்ன கூடாதுன்னு எழுதியிருக்காங்க. அவங்க பாக்கிற டாக்டர் பேரும் இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எப்படிச் சமைக்கிறதுன்னு சொல்லித் தராங்களாம். அட்ரஸ் கேக்கிறாங்க. அப்பா நம்பரும் கேக்கிறாங்க.”

தம்பிக்குத் தெரிந்தால்? தம்பி பெண்டாட்டிக்குத் தெரிந்தால்? ‘உங்க அக்கா என் பிள்ளைக்கு வியாதி வரவழைச்சிருக்காங்க’ என்று அவள் சொல்லாமல் விடுவாளா? சொல்லாமல் விட்டால் அதுதான் இன்னும் மோசம்.

“ஏதாவது ஒரு நம்பரை மாத்திச் சொல்லு” என்றேன், உதட்டை அசைக்காமல்.

“மாட்டேன்.”

“என்னது?”

“மாட்டேன் அத்தை. நீங்களே சொல்லிக்கோங்க.”

விடுதிக் குரல் தொண்டை வரை வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. இந்த மாதிரி முகத்தோடு எத்தனையோ பெண்கள் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள். முட்டி போட வைத்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன் என்று யாரும் என் முன்னால் நின்றதில்லை.

“சரி. உண்மையைச் சொல்லிடு” என்றேன்.

“பொய்யையும் நான்தான் சொல்லணும், உண்மையையும் நான்தான் சொல்லணுமா?”

சமையல்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டி ஞாபகம் வந்து உள்ளே போனார். நான் எழுந்தேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சமையலறைக்குள் போனேன். எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது காய்கறிக் கடை வார்த்தைகள்தான். நல்லது. இல்லை. வேண்டாம். மன்னிக்கணும். பையன் என்பதற்கான சொல், குட்டியைப் பார்த்து எல்லாரும் சொல்லிச் சொல்லித் தெரியும்.

“பையன் நல்லது” என்றேன்.

அவர் சிரித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

“இல்லை. பையன் நல்லது. நல்லது. நல்லது.” மெஷின் பையைக் காட்டி, “வேண்டாம்” என்றேன். காகிதத்தைக் காட்டி, “வேண்டாம்” என்றேன். “மன்னிக்கணும்.”

அவர் சிரிப்பு நின்றது. காகிதம் பிடிக்கவில்லையா, எழுத்து புரியவில்லையா, தான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டோமா என்று அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது. என் வாயைத் தொட்டுக்காட்டி, என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன். அவர் பயந்து என் கையைப் பிடித்தார். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்து ஏதோ கேட்டார். திரும்பினேன். வாசலில் பெரியவள் நின்றிருந்தாள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

அந்த அம்மா என் கையை விட்டார். காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரியவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாஷை தெரியாவிட்டாலும் தெரிந்திருக்கும். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு நெஞ்சு லேசாயிற்று, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு செய்தேன், போய் ஒப்புக்கொண்டேன், முடிந்தது என்று இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கிளப்பினேன். பெரியவர் குட்டியின் தலையைத் தடவி அனுப்பினார். அவருக்கு இன்னும் தட்டு வரவில்லை.

தெருவில் பெரியவள் பத்தடி முன்னால் நடந்தாள். எட்டிப் பிடித்தேன்.

“ஏய், கோவமா? அத்தை போய் மன்னிப்பு கேட்டுட்டேன் இல்ல?”

“ம்.”

“அந்தம்மா என்ன கேட்டாங்க கடைசியில?”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

“சொல்லும்மா.”

“பசிச்சுது, நான்தான் பொய் சொல்லிட்டேன், எங்க அத்தைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்.”

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்த கேள்வி என் மேல் இடித்தான்.

“ஏன்டி அப்படிச் சொன்னே? நான்தானே சொல்லச் சொன்னேன்?”

“எங்க அத்தை சொல்லச் சொன்னாங்கன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

“என்னைச் சொல்றதுக்கா?”

“ஆமா. உங்களைச் சொல்றதுக்குத்தான்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். செருப்பு கடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு அவளிடம் ஏன் பேசினார் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

“உன்கிட்ட என்ன சொன்னாங்க?”

“நல்ல பிள்ளையா தெரியுறே, இப்படிச் செய்யலாமான்னு கேட்டாங்க.”

ஓர் ஊரில் ஒரு தெரு முனையில், இந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று நினைக்கிற ஒரு மனுஷி இருக்கிறார். நான் மூன்று மாதத்தில் விமானம் ஏறிவிடுவேன். இவள் தினம் இந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

“திரும்புங்க எல்லாரும்” என்றேன்.

“எங்க?” என்றான் கேள்வி.

“கடைக்கு.”

“மறுபடியுமா! இனிப்பு தருவாங்களா?” என்றான் குட்டி.

“அத்தை, வேணாம்” என்றாள் பெரியவள். “நான் வரல. நான் எதுவும் பேச மாட்டேன்.”

“நீ பேச வேண்டாம். சும்மா வா.”

“அப்போ யாரு பேசுவாங்க?”

“நாங்க பேசுறோம் அத்தை!” என்றார்கள் இரட்டைகள், ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. “எங்களுக்கு நல்லாப் பேச வரும்!”

கதவைத் திறந்ததும் எல்லாரும் திரும்பினார்கள். எதையாவது மறந்து வைத்துவிட்டோமா என்று வீட்டுக்காரர் எங்கள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். சமையல்கார அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், பிறகு வெளியே வந்தார். சமையலறைக்குள் போய் ரகசியமாகச் சொல்லலாம் என்று ஒரு ஆசை இருந்தது. போகவில்லை. இரண்டு மேசைகளுக்கு நடுவிலேயே நின்றேன்.

“சொல்லுங்க. பையனுக்கு வியாதி இல்லை. அக்கா பொய் சொல்லலை. பொய் சொல்லச் சொன்னது இந்த அத்தைதான். அக்கா வேணாம்னுதான் சொன்னா. நான் அதட்டினேன்.”

இரட்டைகள் சொன்னார்கள். ஐயோ, எப்படிச் சொன்னார்கள்! பள்ளி ஆண்டு விழாவில் பாட்டுப் பாடுகிற மாதிரி, கணீரென்று, ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்து. ‘அத்தை’ வரும்போதெல்லாம் நாலு கையும் என்னைச் சுட்டியது. நான் அதட்டியதை ஒருத்தி என் மாதிரியே விரலை ஆட்டி நடித்துக் காட்டினாள். ஒரு மேசையில் யாரோ கனைத்தார்கள். பெரியவருக்கு அப்போதுதான் தட்டு வந்திருந்தது. அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

சமையல்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பெரியவளைப் பார்த்தார். கிட்டே போய் அவள் தாடையைத் தொட்டு நிமிர்த்தி, என்னமோ சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவர் என்னிடம் வந்து நின்றார். என் கண்ணைப் பார்த்து, நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

இரட்டைகள் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னடி கேக்கிறாங்க?”

“வந்து... பொய் சொன்னது சரி, போகட்டுமாம்” என்றாள் ஒருத்தி.

“குட்டி விரல்ல குத்துறப்ப நீங்க ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேக்கிறாங்க” என்று மற்றவள் முடித்தாள்.

குட்டி இதைக் கேட்டுத் தன் ஒட்டுப் போட்ட விரலை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாஷை தெரியாததால் இல்லை. நம் பாஷையிலேயே வரவில்லை. இரட்டைகள் என் வாயையே பார்த்தார்கள். அந்த அம்மாவும் காத்திருந்தார். காத்திருக்கத் தெரிந்தவர்.

“மாட்டிக்குவோம்னு பயம்” என்றேன் கடைசியில். “பிள்ளைக்கு வலிக்கும்னு தோணலை. நாம மாட்டிக்கக் கூடாதுன்னுதான் தோணுச்சு. அப்படின்னு சொல்லுங்க.”

இரட்டைகள் விழித்தார்கள். “அதை எப்படி அத்தை சொல்றது?”

“நான் சொல்றேன்” என்றாள் பெரியவள், கதவருகே இருந்து.

வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆனால் உடனே சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நிஜமாவே அப்படியே சொல்லட்டுமா அத்தை?”

“அப்படியே சொல்லு. எதையும் மாத்தாதே.”

சொன்னாள். நான் சொன்னதைவிட அந்தப் பாஷையில் அது கொஞ்சம் நீளமாக இருந்தது. அவள் முடிக்கும் வரை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அவ்வளவு பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.